அந்த அறையில் நாற்காலி இல்லாதவர்கள்

(2025 ஆகஸ்ட் 6, ஹிரோஷிமா நாளன்று நாகர்கோவிலில் நடந்த ஒரு வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கடந்த மே மாதம் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் நான்கு நாள் சண்டை நடந்தது இல்லையா, அப்போது என் அக்கா மகன் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பொறியியல் படிக்கிற பையன். அம்பேத்கரையும் பெரியாரையும் வாசிக்கிறவன். எங்காவது சாதி ஆணவக் கொலை என்று செய்தி வந்தால் அன்றைக்கு முழுவதும் சோறு இறங்காமல் அலைகிறவன். அவன் தலையைத் தூக்கி என்னிடம் சொன்னான்: "எதுக்கு மாமா இதை இழுத்துக்கிட்டு இருக்கணும்? ஜப்பான்ல ரெண்டே ரெண்டு குண்டு. ஒரு வாரத்துல சண்டை தீந்துட்டுல்லா? அது போடலைன்னா இன்னும் லட்சக்கணக்குல செத்திருப்பாவ."

எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. நான் வரலாற்று ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். "அமெரிக்கா அணுகுண்டு வீசியது, ஜப்பான் சரணடைந்தது" என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு, பிள்ளைகளை மனப்பாடம் செய்யச் சொன்னவன். முதல் வாக்கியத்தால்தான் இரண்டாவது வாக்கியம் நடந்தது என்பதை ஒரு காற்புள்ளியை வைத்தே நான் நம்பவைத்திருக்கிறேன். அந்தக் காற்புள்ளிக்குள் என்ன நடந்தது என்பதைத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

என் மருமகன் சொன்னதை முதலில் அதன் முழு பலத்தோடு எடுத்துக்கொள்வோம். எதிராளியின் வாதத்தைச் சொத்தையாக்கி வைத்துக்கொண்டு அடிப்பது நமக்கு அழகில்லை.

எங்கள் பாட்டியின் தம்பி ஒருவர் மலாயா ரப்பர் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர். 1942இல் ஜப்பான் மலாயாவைப் பிடித்தது. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று தோட்டக்காட்டுத் தமிழர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். காலரா, மலேரியா, பட்டினி, அடி. அங்கே செத்த ஆசியத் தொழிலாளர்கள் பல பத்தாயிரம் பேர். அவர்களில் தமிழர்கள் ஏராளம். தோட்டத் தமிழர்களில் பெருமளவு ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதே பாதையில் செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு இன்றும் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. தமிழ்க் கூலிக்கு அப்படிப் பெயர் போட்ட கல் கிடையாது.

எங்கள் தாத்தா பிழைத்து 1946இல் ஊர் வந்து சேர்ந்தார். அவர் சொல்வாராம்: "அவன் தலையில குண்டு விழுந்ததாலதான் நான் இங்க கஞ்சி குடிச்சிட்டு இருக்கேன்."

இதுதான் அணுகுண்டுக்கு ஆதரவான உண்மையான வாதம். அமெரிக்க ஜெனரல்கள் சொன்னதைவிட இது கனமானது. ஜப்பானியப் பேரரசு கொரியாவையும் சீனாவையும் தென்கிழக்கு ஆசியாவையும் நசுக்கிய ஆட்சி. அது நீடித்த ஒவ்வொரு நாளும் எங்கள் தாத்தாவைப் போன்றவர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆட்சி வீழ்ந்தாக வேண்டும் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அது வீழ்வதற்கு இரண்டு ஊர்களை மக்களோடு எரிக்க வேண்டியிருந்ததா, அப்படி எரிக்கலாம் என்று முடிவெடுத்தவர்கள் யார், எதை வைத்து முடிவெடுத்தார்கள் என்பதுதான் கேள்வி.

வாஷிங்டனில் ஒரு அறை. 1945 மே 31, ஜூன் 1. 'இடைக்காலக் குழு' என்று பெயர் வைத்த ஒரு குழு கூடுகிறது. தலைவர் போர்த்துறை அமைச்சர் ஹென்றி ஸ்டிம்சன். கூட இருந்தவர்கள் விரைவில் வெளியுறவு அமைச்சராகப் போகிற ஜேம்ஸ் பைர்ன்ஸ், கடற்படைத் துறையிலிருந்து ரால்ஃப் பார்ட், இன்னும் சில அதிகாரிகள், பல்கலைக்கழகத் தலைவர்கள். ஆலோசனை சொல்ல ஓப்பன்ஹைமர், ஃபெர்மி உள்ளிட்ட நான்கு விஞ்ஞானிகள். ராணுவத் தரப்பில் ஜெனரல் மார்ஷலும், குண்டுத் திட்டத்தை நடத்திய ஜெனரல் குரோவ்ஸும். ஒரு பெண் கிடையாது. ஒரு கறுப்பர் கிடையாது. ஆசியர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அந்த அறையில் என்ன முடிவானது? குண்டை ஜப்பான் மீது சீக்கிரமாகப் போட வேண்டும். முன்கூட்டி எச்சரிக்கை தரக் கூடாது. இலக்கு எப்படி இருக்க வேண்டும்? முக்கியமான ஒரு போர்த் தொழிற்சாலை. நிறையத் தொழிலாளர்கள் வேலை செய்கிற இடம். அதைச் சுற்றி நெருக்கமாகத் தொழிலாளர்களின் வீடுகள் இருக்க வேண்டும்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள் தோழர்களே. தொழிற்சாலையைத் தாக்கும்போது பக்கத்து வீடுகளும் சேதமாகலாம், அதைத் தவிர்க்க முடியாது என்று அவர்கள் சொல்லவில்லை. பக்கத்தில் வீடுகள் இருக்க வேண்டும் என்பதை இலக்கின் தகுதியாகவே வைத்தார்கள். எதிரியின் மனதில் ஆழமான பயம் பதிய வேண்டும் என்பதுதான் நோக்கம். அந்தப் பயத்தை உண்டாக்குவதற்கான பொருள், தொழிலாளியின் வீடும் அதற்குள் தூங்குகிற பிள்ளையும்.

நடந்தது அதைவிட மோசம். ஹிரோஷிமாவில் குறி வைத்தது தொழிற்சாலையைக்கூட அல்ல. ஊரின் நடுவில் 'டி' எழுத்து வடிவில் இருந்த அய்யோய் பாலத்தைக் குறி வைத்தார்கள். காலை 8.15க்குக் குண்டு கொஞ்சம் விலகி ஒரு மருத்துவமனைக்கு மேலே வெடித்தது. ஊரின் ஓரத்தில் இருந்த பெரிய தொழிற்சாலைகள் பெரும்பாலும் தப்பித்துவிட்டன. அந்த ஆண்டு முடிவதற்குள் செத்தவர்கள் சுமார் 1,40,000 பேர் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. ஆகஸ்ட் 9ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் வானொலியில் பேசும்போது ஹிரோஷிமாவை ஒரு ராணுவத் தளம் என்றார்.

இலக்குப் பட்டியலில் முதலில் கியோட்டோ நகரமும் இருந்தது. ஸ்டிம்சன் அதை விடாப்பிடியாக நின்று நீக்கினார். அது பழைய தலைநகரம், கோவில்களும் கலைச் செல்வங்களும் நிறைந்த இடம் என்பது ஒரு காரணம். அதை அழித்தால் ஜப்பானியர் என்றென்றும் அமெரிக்காவை வெறுப்பார்கள் என்பது இன்னொரு காரணம். கியோட்டோ மக்கள் பிழைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கோவிலுக்காகப் பேச அந்த அறையில் ஒரு ஆள் இருந்தார். தொழிலாளர் குடியிருப்புக்காகப் பேச ஒருவரும் இல்லை.

வேறு குரலே எழவில்லை என்றும் நினைக்க வேண்டாம். ஜூன் 11ஆம் தேதி ஜேம்ஸ் ஃபிராங்க் தலைமையில் சிகாகோ விஞ்ஞானிகள் ஒரு அறிக்கை கொடுத்தார்கள்: ஆளில்லாத இடத்தில் வெடித்துக் காட்டுங்கள், உலகம் பார்க்கட்டும் என்று. ஜூன் 27ஆம் தேதி குழுவிலேயே இருந்த ரால்ஃப் பார்ட், இரண்டு மூன்று நாள் முன்னதாகவாவது எச்சரிக்கை கொடுக்க வேண்டும் என்று எழுதினார். ஜூலையில் லியோ ஸிலார்ட் எழுபது விஞ்ஞானிகளின் கையெழுத்தோடு மனு எழுதினார். அந்த மனு ட்ரூமன் பார்வைக்குப் போய்ச் சேரவில்லை. இவர்களெல்லாம் அதே நாட்டுக்காரர்கள், அதே திட்டத்தில் வேலை செய்தவர்கள். ஆகவே 'அந்தக் காலத்தில் யாருக்கும் வேறு விதமாகத் தோன்றவில்லை' என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

சரி, 'வேறு வழியே இல்லை' என்ற வாதத்துக்கு வருவோம்.

வேறு வழிகள் மூன்று இருந்தன. ஒன்று, எச்சரிக்கை அல்லது வெடித்துக் காட்டுதல். இரண்டு, ஜப்பான் பேரரசரின் பதவிக்கு உத்தரவாதம் கொடுத்துச் சரணடையச் சொல்வது. மூன்று, சோவியத் யூனியன் போரில் இறங்கும்வரை காத்திருப்பது. ஆகஸ்ட் மாதத்தில் சோவியத் இறங்கப்போகிறது என்பது ட்ரூமனுக்குத் தெரியும். அமெரிக்கா ஜப்பான் மண்ணில் படை இறக்கத் திட்டமிட்டிருந்த தேதி நவம்பர் 1. நடுவில் ஏறத்தாழ மூன்று மாதம் இருந்தது. இந்த மூன்றில் ஒன்றுகூட முயன்று பார்க்கப்படவில்லை.

ஜூலை 26ஆம் தேதி போட்ஸ்டாம் பிரகடனம் வந்தது. சரணடையாவிட்டால் அழிவு என்றது. அணுகுண்டைப் பற்றி ஒரு சொல் இல்லை, பேரரசரைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. ஆனால் அதற்கு முந்தின நாளே, ஜூலை 25இல், குண்டு போடும் உத்தரவு எழுதப்பட்டுவிட்டது. அதில் நான்கு ஊர்களின் பெயர்கள்: ஹிரோஷிமா, கோகுரா, நிகாட்டா, நாகசாகி. முதல் குண்டுக்குப் பிறகு அடுத்தடுத்த குண்டுகள் தயாராகத் தயாராகப் போடலாம் என்பதும் அதே உத்தரவில் இருந்தது.

நாகசாகிக்கு என்று தனியாக யாரும் உட்கார்ந்து முடிவெடுக்கவில்லை. ஆகஸ்ட் 9ஆம் தேதி விமானம் போனது கோகுராவுக்கு. அங்கே மேகமும் புகையும் மறைத்ததால் நாகசாகிக்குத் திரும்பியது. காலை 11.02. எழுபதாயிரம் பேருக்கு மேல். இரண்டாவது ஊரை அழிக்க ஒரு கையெழுத்துகூடத் தேவைப்படவில்லை. ஆகஸ்ட் 10ஆம் தேதிதான் ட்ரூமன், இனி என் அனுமதி இல்லாமல் அடுத்த குண்டு கூடாது என்று நிறுத்தினார். அதுவரை அது ஓடிக்கொண்டிருந்த ஒரு இயந்திரம்.

குண்டுதான் சரணடைய வைத்ததா? இதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆகஸ்ட் 8ஆம் தேதி சோவியத் போர் அறிவித்து, 9ஆம் தேதி விடியுமுன் மஞ்சூரியாவுக்குள் இறங்கியது. அன்றைக்குக் கூடிய ஜப்பானின் ஆறு பேர் கொண்ட உச்சப் போர்க் குழு, நாகசாகிச் செய்தி வந்த பிறகும் மூன்றுக்கு மூன்று என்று பிளந்து நின்றது. கடைசியில் பேரரசர் தலையிட்டார். ஆகஸ்ட் 15ஆம் தேதி மக்களுக்கு வாசித்த அறிவிப்பில் கொடிய புதிய குண்டைக் காரணமாகச் சொன்னார். இரண்டு நாள் கழித்துப் படையினருக்குக் கொடுத்த அறிவிப்பில் குண்டைப் பற்றிப் பேச்சில்லை, சோவியத்தைச் சொன்னார். அமெரிக்க அரசே நடத்திய குண்டுவீச்சு ஆய்வு 1946இல் என்ன சொன்னது தெரியுமா? அணுகுண்டு இல்லாமலே, சோவியத் இறங்காமலே, படை இறக்காமலேகூட அந்த ஆண்டு முடிவுக்குள் ஜப்பான் சரணடைந்திருக்கும் என்றது. இந்த முடிவையும் பலர் மறுக்கிறார்கள். குண்டுதான் ஜப்பானின் போர்வெறிக் கூட்டத்தை மடக்கியது என்று சொல்கிற நேர்மையான ஆய்வாளர்களும் உண்டு. பத்து லட்சம் அமெரிக்கர் செத்தோ காயம்பட்டோ போயிருப்பார்கள் என்று ஸ்டிம்சன் 1947இல் ஒரு பத்திரிகையில் எழுதிய கணக்கும் இன்றுவரை வழக்கில் இருக்கிற கணக்குதான்.

எனக்கு இதில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. முயன்று பார்க்காத வழியைப் பற்றி 'அது நடந்திருக்காது' என்று பின்னால் வந்து சத்தியம் செய்ய ஒருவருக்கும் உரிமை இல்லை என்பது மட்டும் போதும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முன்னால் தர மறுத்த அந்தப் பேரரசர் பதவி, சரணடைந்த பிறகு அப்படியே இருந்தது. ஹிரோஹிட்டோ 1989இல் சாகும்வரை பேரரசர்தான். ஜப்பானின் ஆட்சியாளர்களும் யோக்கியர்கள் அல்ல. மார்ச் 9–10 இரவில் டோக்கியோவில் நெருப்புக் குண்டு போட்டு சுமார் ஒரு லட்சம் பேர் வெந்து செத்த பிறகும், சிம்மாசனத்தைக் காப்பாற்ற அவர்கள் போரை ஐந்து மாதம் இழுத்தார்கள். மேலே இரண்டு அரசுகள் ஒரு சிம்மாசனத்தைப் பற்றிப் பேரம் பேசிக்கொண்டிருந்தன. கீழே இருந்தவர்கள் அந்தப் பேரத்தின் விலை.

இப்போது எங்கள் தாத்தாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? தாத்தா, நீங்கள் உயிரோடு வந்ததில் எனக்கு எல்லையில்லா நிம்மதி. அந்தச் சரண் உங்களுக்கு விடுதலை. ஆனால் அந்த அறையில் உங்களைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. அவர்கள் போட்ட கணக்கு அமெரிக்கச் சிப்பாயின் உயிர்க்கணக்கு. சயாம் காட்டில் கிடந்த தமிழ்க் கூலி அந்தக் கணக்கில் வரவேயில்லை. உங்கள் பெயரைச் சொல்லி அந்தக் குண்டை நியாயப்படுத்துவது எண்பது வருடம் கழித்து நாம் செய்கிற வேலை.

குண்டு விழுந்த பிறகு நடந்தது சாதி எதிர்ப்பு பேசுகிற நமக்கு இன்னும் நெருக்கமானது.

குண்டு எல்லோரையும் சமமாக்கிவிட்டது என்று சிலர் கவித்துவமாகப் பேசுவார்கள். அது பொய். ஜப்பானில் புராகுமின் என்று ஒரு மக்கள் உண்டு. தோல் வேலை, மாடு அறுப்பது, பிணம் தொடர்பான வேலை என்று ஒதுக்கப்பட்டு, தீட்டு என்று தனிக் குடியிருப்பில் தள்ளப்பட்டவர்கள். 1871இல் சட்டப்படி விடுதலை என்றார்கள். மனதில் விடுதலை வரவில்லை. 1922இல் அவர்களே சுய்ஹெய்ஷா என்ற சமத்துவச் சங்கத்தைக் கட்டினார்கள். விவரம் வேறு, வேதனை நம்முடையது.

ஹிரோஷிமாவில் ஃபுகுஷிமா-சோ என்ற புராகுமின் குடியிருப்பு இருந்தது. அணு உலை வெடித்த ஃபுகுஷிமா வேறு, இது வேறு. நாகசாகியில் குண்டு வெடித்தது உராகாமிப் பள்ளத்தாக்கின் மேலே. அங்கே இருந்தவர்கள் இரண்டு கூட்டத்தார். ஒன்று, இருநூறு ஆண்டுக்கு மேல் தடைசெய்யப்பட்டு, மறைந்து வாழ்ந்து, தங்கள் மதத்தைக் காப்பாற்றிய கத்தோலிக்கர்கள். இன்னொன்று, புராகுமின். உராகாமிக் கத்தோலிக்கர் சுமார் 12,000 பேரில் எட்டாயிரத்துக்கு மேற்பட்டோர் செத்தார்கள். அவர்கள் கட்டிய பேராலயம் இடிந்து விழுந்தது. அப்போது ஊருக்குள் ஒரு பேச்சு இருந்தது: குண்டு நாகசாகியில் விழவில்லை, உராகாமியில்தான் விழுந்தது என்று. நம் ஊர்க் கோவிலைக் கும்பிடாததற்குக் கிடைத்த தண்டனை என்றுகூடச் சொன்னார்கள்.

முட்டம், குளச்சல், கடியபட்டணம் பக்கத்திலிருந்து வந்திருக்கிற தோழர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சுனாமி வந்தபோதும் ஒக்கி வந்தபோதும் 'செத்தது கடற்கரைக்காரன்தானே' என்ற தொனியைக் கேட்ட காதுகள் இங்கே இருக்கின்றன.

கொரியர்கள் கதை இன்னும் கொடுமை. 1910இலிருந்து ஜப்பானின் அடிமை நாடு கொரியா. கட்டாய வேலைக்கும் பிழைப்புக்குமாக வந்த பல்லாயிரம் கொரியர்கள் ஹிரோஷிமாவில் இருந்தார்கள். ஏராளமானோர் செத்தார்கள். அவர்களுக்கு 1970இல் ஒரு நினைவுக் கல் எழுப்பப்பட்டது. எங்கே? ஹிரோஷிமா அமைதிப் பூங்காவுக்கு வெளியே. பூங்காவுக்குள் அந்தக் கல் வந்தது 1999இல்.

ஒரே குண்டு. ஒரே நெருப்பு. சாம்பலான பிறகும் கல் ஊருக்கு வெளியே. தனிச் சுடுகாடு என்றால் என்னவென்று தெரிந்த நமக்கு இதற்கு விளக்க உரை வேண்டாம்.

பிழைத்தவர்களை ஹிபாகுஷா என்பார்கள். அவர்களுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள், பெண் எடுக்க மாட்டார்கள். ரத்தம் கெட்டுவிட்டது, பிறக்கிற பிள்ளையும் கெட்டுவிடும் என்ற பயம். பலர் வாழ்நாள் முழுக்க அதை மறைத்து வாழ்ந்தார்கள். அந்த ஹிபாகுஷாக்களின் அமைப்பான நிஹோன் ஹிடாங்க்யோவுக்குத்தான் 2024இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இதையெல்லாம் நாகர்கோவிலில் ஏன் பேசுகிறோம், நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் நம் காலடியில் இருக்கிறது.

1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதைத் தேடி மணவாளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. அந்தக் காலத்தில் அது விளக்கு மேண்டிலுக்குப் போனது. முதல் உலகப் போர் வந்ததும் அந்தத் தொழில் ஜெர்மன் கையிலிருந்து பிரிட்டிஷ் கைக்கு மாறியது. கரிமணலைக் கடவத்தில் அள்ளிச் சுமந்தவர்கள் நம் ஆட்கள்.

1944 ஜூனில், குண்டு இன்னும் தயாராகாத நேரத்தில், அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து உலகத்தின் யுரேனியத்தையும் தோரியத்தையும் கைக்குள் கொண்டுவர ஒரு அமைப்பை உண்டாக்கின. அதன் தலைவர் அந்த அறையில் இருந்த அதே ஜெனரல் குரோவ்ஸ். அவர்களுடைய கணக்கில் திருவிதாங்கூர் மணலும் இருந்தது. நான் மிகைப்படுத்த விரும்பவில்லை: ஹிரோஷிமா குண்டில் நம் மணல் இல்லை. அதில் இருந்தது யுரேனியம். அதில் பெரும்பகுதி பெல்ஜியத்தின் அடிமை நாடாக இருந்த காங்கோவின் ஷிங்கொலோப்வே சுரங்கத்திலிருந்து, கறுப்பினத் தொழிலாளர்கள் தோண்டிக் கொடுத்தது. தோண்டியவனுக்கும் எதற்கென்று தெரியாது, எரிந்தவனுக்கும் எதனால் என்று தெரியாது.

போருக்குப் பிறகு இந்த மணலின் மதிப்பு எல்லோருக்கும் புரிந்தது. 1947 ஜூனில் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர், திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று அறிவித்தார். அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் மோனசைட்டும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். லண்டனும் திருவனந்தபுரமும் டெல்லியும் நம் மணலைப் பற்றிப் பேசின. மணலின் மேல் குடியிருந்தவர்களிடம் யாரும் பேசவில்லை. யார் மேலாடை போடலாம், யார் எந்தத் தெருவில் நடக்கலாம் என்று நூறாண்டுக்கு மேல் தீர்மானித்துக்கொண்டிருந்த அரசு, மணலைப் பற்றி நம்மிடம் கேட்டிருக்குமா?

இன்றைக்கும் கிள்ளியூர் வட்டத்தில் கீழ்மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு பகுதிகளில் 1,144 ஹெக்டேரில் அணுக் கனிம மணல் எடுக்கும் திட்டம் இருக்கிறது. 2024இல் மக்கள் எதிர்த்து நின்றார்கள், அறிவித்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது. மணல் எடுப்பதும் குண்டு போடுவதும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. முடிவு எடுக்கும் விதம் ஒன்று. மேலே ஒரு அறை. தேசத்தின் நன்மை என்ற ஒரு கணக்கு. கீழே, கேட்கப்படாத மக்கள்.

நம் நாட்டுக்கும் இப்போது அந்த அறை இருக்கிறது. 1974இல் ஒரு முறை, 1998இல் மறுபடி, பொக்ரானில் வெடித்துக் காட்டினோம். முதலில் பயன்படுத்த மாட்டோம் என்பது 2003இல் அறிவித்த கொள்கை. 2019இல் பாதுகாப்பு அமைச்சர், எதிர்காலத்தில் அது சூழ்நிலையைப் பொறுத்தது என்றார். அந்தச் சூழ்நிலை வரும்போது நம்மில் யாரும் அந்த அறையில் இருக்கப்போவதில்லை. லாகூரின் தூய்மைப் பணியாளரும் அமிர்தசரஸின் தூய்மைப் பணியாளரும் பெரும்பாலும் ஒரே ஒடுக்கப்பட்ட மக்களின் வாரிசுகள். அந்தப் பக்கம் கிறிஸ்தவர், இந்தப் பக்கம் வால்மீகி. இரண்டு பேர் வீடும் ஏதோ ஒரு இலக்குக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

அதனால் தோழர்களே, இனி யாராவது 'பெரிய நன்மைக்காகச் சிலர் சாகத்தான் வேண்டும்' என்று சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். முடிவெடுத்த அறையில் யார் இருந்தார்கள்? விலையாகக் கொடுக்கப்பட்டவர்கள் யார்? வேறு எந்த வழியை உண்மையில் முயன்று பார்த்தீர்கள்? ஹிரோஷிமாவுக்கும் இதே மூன்று கேள்விகள்தான், உங்கள் ஊர்ப் பஞ்சாயத்துக்கும் இதேதான். 'ஊர் நன்மைக்காக நீங்கள் பொறுத்துப் போங்கள்' என்று யாரிடம் சொல்கிறார்கள் என்பதைப் பார்த்துப் பார்த்துத்தானே நாம் இந்த இயக்கத்துக்கு வந்தோம்?

இதையெல்லாம் என் மருமகனிடம் அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். அவன் எதிர்த்துப் பேசினான். சீனாவில் செத்தவர்களைப் பற்றிக் கேட்டான். அந்த மூன்று மாதத்தில் இன்னும் எத்தனை பேர் செத்திருப்பார்கள் என்று கேட்டான். நல்ல கேள்விகள். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இல்லை என்று ஒப்புக்கொண்டேன். அவனும் முழுசாக ஒத்துக்கொண்டு எழுந்து போகவில்லை.

இரண்டு நாள் கழித்து போன் பண்ணினான். ஏதோ பாடச் சந்தேகம் என்று நினைத்தேன். "மாமா, அந்தக் கொரியாக்காரங்க கல்லு... 1970ல வச்சு 1999லதான் உள்ள வந்துன்னு சொன்னீங்கல்லா. பூங்காவுக்குள்ள அத்தனை எடம் கெடக்கும்போது, ஒரு கல்ல உள்ள கொண்டுவர எதுக்கு மாமா இருபத்தொன்பது வருஷம்?"

அந்தக் கேள்வியை உங்களிடமும் விட்டுவிட்டு நான் உட்காருகிறேன்.